வழியும் வாசலும்

தொண்டை மண்டலத்தை நம் முன்னோர் இருபத்து நான்கு கோட்டங்களாகப் பகுத்திருந்தனர். அவற்றுள் ஒன்று மணவிற் கோட்டம். சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில் இன்று சிறியதொரு நிலையமாக விளங்கும் மணவூரே அக்கோட்டத்திற்குப் பெயர் தந்த மணவில் என்பர். முதற் குலோத்துங்கனிடத்தும் அவன் மைந்தன் விக்கிரம சோழனிடத்தும் படைத்தலைவனாய் விளங்கிய நரலோகவீரன் இந்த மணவிலைச் சேர்ந்தவன். மணவிற் கூத்தன் என்றும் அவனை அழைப்பர். அவன் வென்ற போர்கள் பல. ஆயினும், தில்லையிலிருந்து கடற்கரைக்குச் செல்லப் பெருவழி ஒன்றை அவன் அமைத்துக் கொடுத்ததையும் சிதம்பரத்துக் கல்வெட்டுப் பாடல்கள் மறவாமற் போற்றுகின்றன.

வழி அமைத்தவனைக் கல்லிலே பாடி வைத்த நாடு இது. அந்த நாட்டிலே இன்று, “எங்கள் தெருவை நீங்கள் சீர்திருத்த வேண்டா” என்று தெருவில் வாழும் மக்களே திரண்டு நிற்கும் காட்சியைக் காண்கிறோம். நம் நாட்டில் மட்டுமன்று, செல்வம் கொழிக்கும் மேலை நாடுகளிலும் இதே குரல் எழுகின்றது. முன்னேற்றத்தை வெறுக்கும் மூடத்தனம் இது என்று அதிகாரிகள் எண்ணுகின்றனர். எங்கள் துன்பம் அறியாத காகிதத் திட்டம் இது என்று மக்கள் எண்ணுகின்றனர். இவ்விரண்டில் எது மெய்? இதனைச் சற்று நிதானமாக எண்ணிப் பார்ப்பது நம் கடமையாகும்.

முன்னாளில் தெருவைச் சீர்திருத்துவது என்றால் அகலப்படுத்துவது என்றே பொருள். இன்று பொருள் மாறியிருக்கின்றது. வண்டிகள் ஓடும் பகுதியைக் குறுக்கி, நடப்போர்க்குரிய பகுதியை விரிப்பதையே நகரமைப்பு வல்லுநர்கள் சீர்திருத்தம் என்கின்றனர். இந்த மாற்றம் பிறந்தவுடன் ஒரு கேள்வியும் உடன் பிறந்தது. பெருந்தெருவில் வண்டிகளுக்கு இடம் குறைந்தால், அவ்வண்டிகள் எங்கே போகும்? அடுத்த தெருவுக்குத்தானே? அடுத்த தெருவில் குடியிருப்பவனோ, “என் வாசலா உங்கள் பெருஞ்சாலைக்கு மாற்று வழி?” என்று கேட்கிறான். எதிர்ப்பின் உயிர்நாடி இந்த ஒரு கேள்விதான்.

இதனைக் கண்கூடாகக் காண நாம் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. மணவூர், திருவாலங்காடு, திருத்தணிப் பகுதிகளில் வாழும் குடும்பங்கள் பெருநாளுக்கு ஜவுளி எடுக்கவும், நிக்காஹ்வுக்குப் பட்டும் நகையும் வாங்கவும் இரயிலேறிச் சென்னைக்குச் சென்று, தியாகராய நகரை அடைவது வழக்கம். அந்த நகர் 1920ஆம் ஆண்டுகளில் நீதிக்கட்சி ஆட்சியின்போது பழைய மாம்பலம் ஏரிப் பகுதியில் உருவானது. சர் பிட்டி தியாகராயரின் பெயர் அதற்கு இடப்பட்டது. சென்னையின் தற்காலிக ஆளுநராக 1934ஆம் ஆண்டில் பொறுப்பேற்ற சர் முகம்மது உஸ்மான் அவர்களின் பெயரால் உஸ்மான் சாலையும், வைசிராயின் நிருவாக அவையில் அமர்ந்த சர் முகம்மது ஹபீபுல்லா அவர்களின் பெயரால் ஹபீபுல்லா சாலையும் அங்கே அமைந்தன. குடும்பங்கள் அமைதியாக வாழ்வதற்கென்று, பூங்காவை நடுவில் வைத்துத் திட்டமிட்டுக் கட்டப்பட்ட குடியிருப்பு அது. பின்னாளில் வணிகம் அதனை விழுங்கிவிட்டது. இந்தியாவிலேயே பெரிய கடைவீதிகளுள் ஒன்றாக அது வளர்ந்தபோதும், உள்தெருக்களில் குடும்பங்கள் தொடர்ந்து வாழ்ந்துகொண்டேயிருந்தன.

அந்நகரின் நடுவே பனகல் பூங்காவிலிருந்து செல்லும் தியாகராயர் சாலையை மக்கள் பாண்டி பஜார் என்பர். சௌந்தரபாண்டியனார் பெயரால் வழங்கும் அங்காடி அது. அதன் நடைபாதைகளில் கடை விரித்திருந்த சிறு வணிகர்கள் அறுநூறுக்கும் மேற்பட்டோர், நீண்ட வழக்குகளுக்குப் பின்னர் 2013ஆம் ஆண்டில் தனிக் கட்டடத்திற்கு மாற்றப்பட்டனர். 2014ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சி, நடப்போர்க்கும் மிதிவண்டியில் செல்வோர்க்கும் முதன்மை தரும் கொள்கை ஒன்றை ஏற்றது. போக்குவரத்துக்கென ஒதுக்கும் பணத்தில் நூற்றுக்கு அறுபது பங்கு அவர்களுக்கே செலவிடப்பட வேண்டும் என்பது அதன் கருத்து. சீர்மிகு நகரத் திட்டத்தின்கீழ் ஏறத்தாழ 40 கோடி ரூபாய்ச் செலவில் பாண்டி பஜாரின் நடைபாதைகள் விரிக்கப்பட்டு, 2019 நவம்பரில் நடைபாதை வளாகம் திறந்துவைக்கப்பட்டது. குழந்தையை இடுப்பில் ஏந்திய தாயும், கைத்தடி ஊன்றிய முதியவரும் தோளோடு தோள் இடிபடாமல் நடக்கக் கூடிய இடமாக அத்தெரு மாறிற்று. இதனை மறுப்பவர் மனச்சான்றுக்கு எதிராகப் பேசுபவரே ஆவர்.

ஆயினும் அத்திட்டம் பேச்சளவில் இருந்த காலத்திலேயே வணிகரும் குடியிருப்போரும் அச்சம் தெரிவித்தனர். வண்டி நிறுத்த இடமில்லையேல் வாடிக்கையாளர் வரார் என்பது வணிகர் கவலை. வண்டிகளெல்லாம் உள்தெருக்களில் வந்து நிற்கும் என்பது குடியிருப்போர் கவலை. இந்தக் கவலையை நாம் எள்ளி நகையாட முடியாது. வீட்டின் வாயிற்கதவை அடைத்துக்கொண்டு அயலான் ஒருவனின் கார் நாள் முழுதும் நிற்கிறது. இரவில் முதியவர் ஒருவர்க்கு நெஞ்சுவலி வந்தால் மருத்துவ ஊர்தி எப்படி உள்ளே வரும்? தீப்பற்றினால் தீயணைப்பு வண்டி எந்த வழியாகத் திரும்பும்? 2017 மே 31ஆம் நாள் உஸ்மான் சாலையில் பல மாடி ஜவுளிக் கடையொன்று தீப்பற்றி எரிந்து, கட்டடமே சரிந்து விழுந்த நிகழ்ச்சியைக் கண்ணால் கண்ட மக்கள் அவர்கள். அவர்தம் அச்சம் கற்பனையில் பிறந்ததன்று.

பின்னர் தியாகராயர் சாலை அருகே, இருநூறுக்கும் மேற்பட்ட கார்களும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட இருசக்கர வண்டிகளும் நிற்கத்தக்க பலமாடி நிறுத்தம் எழுந்தது. மருந்து வந்தது உண்மைதான். ஆனால் நோய்க்குப் பின்னால் வந்தது. நிறுத்தம் முதலிலும் நடைபாதை பின்னாலும் வந்திருப்பின், பாதிப் பூசல் பிறவாமலே போயிருக்கும் அன்றோ? விரித்த நடைபாதையின் மீதே இருசக்கர வண்டிகள் ஏறி நிற்பதையும் நாம் அங்கே கண்டிருக்கிறோம். கல்லை மாற்றுவது எளிது, பழக்கத்தை மாற்றுவதோ அரிது.

இங்கே நாம் மறவாமல் நோக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டவர் 1,68,491 பேர் என்று நடுவண் அரசின் அறிக்கை கூறுகிறது. அவர்களுள் நடந்து சென்றவர்கள் 32,825 பேர். அதே ஆண்டில் நம் தமிழ்நாட்டில் மட்டும் 17,884 உயிர்கள் சாலையில் மடிந்தன. நடந்து செல்பவனுக்கு இடமில்லாத தெரு, அழகற்ற தெரு மட்டுமன்று. அது உயிர் வாங்கும் தெரு. ஆதலின் ‘நிறுத்த இடம் போய்விட்டதே’ என்னும் குறையையும் ‘நடக்க இடமில்லையே’ என்னும் குறையையும் ஒரே தராசில் ஒரே எடையாக வைத்தல் தகாது. முன்னது வசதியைப் பற்றியது. பின்னது உயிரைப் பற்றியது. ஆனால் உள்தெருவில் பந்து விளையாடும் சிறுவனுக்கும் உயிர் ஒன்றுதான் என்பதையும் நாம் சேர்த்தே எண்ண வேண்டும். பெருந்தெருவில் காத்த உயிரைச் சிறுதெருவில் பறிகொடுப்பது ஆதாயமாகாது.

தடுக்கப்பட்ட வண்டிகள் எல்லாமே அடுத்த தெருவுக்குப் போகின்றனவா? பிரிட்டனில் சாலி கெய்ர்ன்ஸ், பில் குட்வின் முதலிய ஆய்வாளர்கள், பதினொரு நாடுகளில் எழுபதுக்கும் மேற்பட்ட இடங்களை ஆராய்ந்து 2002ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். சாலையில் இடம் குறைக்கப்பட்டபோது வண்டிகள் முழுவதும் அயல் தெருக்களுக்கு மாறவில்லை. ஆய்ந்த இடங்களிற் பாதியில், முன்னர் அச்சாலையில் ஓடிய வண்டிகளுள் நூற்றுக்குப் பதினொன்றுக்கு மேல், சுற்றுப்புறச் சாலைகளைச் சேர்த்து எண்ணியபோதும் காணப்படவில்லை. அப்பயணங்கள் எங்கே போயின? சிலர் பேருந்தில் ஏறினர். சிலர் நடந்தனர். சிலர் வேறு நேரத்தில் சென்றனர். சிலர் இரண்டு வேலைகளை ஒரே பயணத்தில் முடித்துக்கொண்டனர். மக்கள் தண்ணீரைப் போல் ஒரு பள்ளத்திலிருந்து மறு பள்ளத்திற்கு ஓடுபவர்கள் அல்லர், சிந்தித்து நடப்பவர்கள் என்பதே இதன் பொருள்.

இதிலிருந்து இரு சாராரும் கற்க வேண்டியது உண்டு. எல்லா வண்டியும் எம் வாசலுக்கே வரும் என்று அஞ்சுபவர், அவ்வளவும் வாரா என்று தேறலாம். எதுவுமே வாராது என்று உறுதி கூறும் அதிகாரி, மறையாத வண்டிகள் யார் வாசலில் நிற்கின்றன என்பதற்கு விடை சொல்லியாக வேண்டும். மொத்தக் கணக்கில் குறைந்தது என்று கூறுவது, சுமை தாங்கும் ஒரு தெருவுக்கு ஆறுதல் ஆகாது.

தலைநகர் தில்லிக்குச் சென்றால் இதே பூசலின் வேறொரு முகத்தைக் காணலாம். ஷாஜஹானின் அருமைப் புதல்வி ஜஹானாரா பேகம் 1650ஆம் ஆண்டளவில் அமைத்த சாந்தினி சௌக், செங்கோட்டையிலிருந்து ஃபத்தேபுரிப் பள்ளிவாசல் வரை செல்லும் வீதியாகும். நடுவே நீரோடை ஓட, மருங்கில் மக்கள் உலவ, அவ்வரசிளங்குமரி கண்ட வீதி, நம் காலத்தில் வண்டிகளின் புகையில் மூழ்கிக் கிடந்தது. ஏறத்தாழ 1.3 கிலோ மீட்டர் நீளத்திற்கு அது புதுப்பிக்கப்பட்டு, 2021 செப்டம்பரில் திறக்கப்பட்டது. காலை ஒன்பது மணி முதல் இரவு ஒன்பது மணி வரை மோட்டார் வண்டிகள் அங்கே நுழையலாகாது என்பது விதி. நடப்போர் மகிழ்ந்தனர். சரக்கை எவ்வாறு கொண்டுவருவது என்று வணிகர் கலங்கினர். உள்ளே குடியிருப்போரோ, முடியாத பெற்றோரை எவ்வாறு அழைத்துச் செல்வது என்று கேட்டனர். வீதி ஒன்றுதான். அதில் வந்து போகிறவனுக்கும் அதிலேயே வாழ்கிறவனுக்கும் அது இரண்டு வெவ்வேறு உலகங்களாக இருக்கின்றது.

கடல் கடந்து இலண்டனை நோக்குவோம். இங்கிலாந்திலேயே முஸ்லிம்களின் விகிதம் மிக உயர்ந்திருப்பது டவர் ஹேம்லெட்ஸ் என்னும் பகுதியில்தான். 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கே நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பது பேர் முஸ்லிம்கள். அவர்களுட் பெரும்பாலோர் வங்காள தேசத்து வழிவந்தோர். அப்பகுதியின் பெத்னல் கிரீன் முதலிய இடங்களில், உள்தெருக்கள் வழியாக வண்டிகள் குறுக்கே பாயாதபடி தடுப்புகள் வைத்து, நடைபாதைகளைச் சீராக்கினார்கள். வேண்டும் என்று ஒரு பாதியும், வேண்டா என்று ஒரு பாதியுமாக ஊரே பிளந்தது. எல்லைச் சாலைகளில் நெரிசல் மிகுந்தது, சுற்றி வளைத்துச் செல்ல நேர்ந்தது என்றனர் ஒரு சாரார். எங்கள் குழந்தைகள் அச்சமின்றிப் பள்ளிக்கு நடக்கிறார்கள் என்றனர் மறு சாரார். தடுப்புகளை அகற்றுவேன் என்று வாக்களித்த லுத்ஃபுர் ரஹ்மான் 2022ஆம் ஆண்டில் மேயராகத் தேர்வு பெற்றார். 2023 செப்டம்பரில் அகற்ற முடிவும் செய்தார். மறு சாரார் வழக்குத் தொடுத்தனர். 2024 டிசம்பரில் உயர் நீதிமன்றம் மேயரின் பக்கம் தீர்ப்பளித்தது. வழக்கு மேன்முறையீட்டுக்கும் சென்றது. ஒரே தெருவில், ஒரே பள்ளிவாசலில் தோள் சேர்ந்து தொழும் மக்கள்கூட ஒரு தடுப்பின் இருபுறமும் நிற்க நேர்வதை எண்ணிப் பாருங்கள். தெருச் சண்டையில் நல்லவர் ஒரு பக்கமும் தீயவர் மறு பக்கமுமாக நிற்பதில்லை என்பதை இது நமக்கு உணர்த்துகிறது.

இத்தகைய வழக்கு மனித குலத்துக்குப் புதியதா? இல்லை. வழியில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவதை ஈமானின் கிளைகளுள் ஒன்றாக அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எண்ணியதை நாமெல்லோரும் சிறுவயதிலேயே கேட்டிருக்கிறோம். வழியின் அகலத்தைப் பற்றிப் பூசல் எழுந்தால் ஏழு முழம் விடுமாறு அவர்கள் தீர்த்து வைத்ததும் ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ என்னும் ஷாஃபியீச் சட்ட நூலில், தெருவின் உரிமைகள் எந்த இயலில் பேசப்படுகின்றன தெரியுமா? ‘ஸுல்ஹ்’ என்னும் சமாதான இயலில்தான். தெருவைப் பற்றிய சட்டம், சமாதானம் செய்துகொள்வது பற்றிய சட்டத்தின் ஒரு பகுதி என்று அப்பெருமக்கள் கருதியது எத்துணை நுட்பம்!

அச்சட்ட அறிஞர்கள் தெருக்களை இரண்டாகப் பகுத்தனர். இருபுறமும் திறந்து ஊடுருவிச் செல்லும் வழி ஒன்று. முட்டுச்சந்து மற்றொன்று. முன்னது எல்லோர்க்கும் உரியது. நடப்போர்க்குத் தீங்கு செய்யும் எதனையும் அதில் எவரும் செய்யலாகாது. வீட்டின் முகப்பை அதன்மேல் நீட்டுவதாயின், நிமிர்ந்து நடப்பவன் தலை இடிபடாத உயரம் வேண்டும். வணிகக் கூட்டங்கள் செல்லும் வழியாயின், சிவிகை சுமந்த ஒட்டகம் தடையின்றிச் செல்லும் உயரம் வேண்டும். முட்டுச்சந்தோ அங்கு வாழ்வோர்க்கே உரியது. அவர்தம் இசைவின்றி அயலார் அதில் வாசல் திறக்க முடியாது. ஊருக்குப் பொதுவான வழி வேறு, வீட்டாருக்கு உரிய சந்து வேறு என்னும் இத்தெளிவு பழைய ஊர்களின் அமைப்பிலேயே தெரியும். காயல்பட்டினத்தில் பெண்கள் தடையின்றி நடமாடுவதற்கென்றே வீடுகளுக்கிடையே ‘முடுக்கு’கள் விட்டு வைத்த நம் முன்னோர், ஒவ்வொரு வழிக்கும் ஒவ்வொரு கடமை உண்டு என்பதை நன்கு அறிந்திருந்தனர்.

இந்த அளவுகோலைக் கொண்டு இன்றைய பூசலை அளந்தால் விடை தெளிவாகின்றது. தியாகராயர் சாலை போன்ற பொதுவழியைக் காரின் உறைவிடமாக எண்ணி, “என் வண்டி நிற்கும் இடத்தைப் பறிக்காதே” என்று ஒருவர் கேட்பது உரிமையாகாது. பொதுவழியில் முதல் உரிமை நடப்பவனுடையது. அதேபோல், குடியிருப்போர் புழங்கும் உள்தெருவை அவரைக் கேளாமலே பெருஞ்சாலையின் வடிகாலாக்குவதும் நீதியாகாது. முன்னதில் எதிர்ப்போர் நகர வேண்டும். பின்னதில் அரசு நகர வேண்டும்.

இது பெருநகரத்தின் கதை, நமக்கென்ன என்று சிற்றூர் வாசகர் எண்ண வேண்டா. குண்டும் குழியுமாய்க் கிடக்கும் சாலையைச் செப்பனிடுங்கள் என்று மனுக் கொடுப்பவர்களும் நாமே. சாலை மெழுகியது போலானதும் வண்டிகள் அம்பெனப் பறப்பதைக் கண்டு, வேகத்தடை போடுங்கள் என்று மறு மனுக் கொடுப்பவர்களும் நாமே. ஆடிக் கிருத்திகை நாட்களில் திருத்தணியை நோக்கி மக்கள் வெள்ளம் நடந்தும் வண்டியிலும் பெருகும்போது, சுற்றுப்புறச் சாலைகளின் நெருக்கடியை அப்பகுதி மக்கள் ஆண்டுதோறும் காண்கின்றனர். நல்ல சாலை வேண்டும், ஆனால் அது நம் குழந்தைகளை அச்சுறுத்தலாகாது. இதுவே சிற்றூரின் வேண்டுகோள். தியாகராய நகரின் உள்தெருவாசியும், இலண்டனின் எல்லைச் சாலைவாசியும் கேட்பது இதனின் வேறன்று.

ஆகவே தெருவைத் திருத்த வருவோரிடம் நாம் சில கேட்போம். திட்டம் தொடங்குமுன் பெருந்தெருவில் மட்டுமன்றி, அதனை ஒட்டிய ஒவ்வொரு சிறுதெருவிலும் வண்டிகளை எண்ணுங்கள். முடிந்த பின்னரும் எண்ணி, இரண்டு கணக்கையும் மக்கள் முன் வையுங்கள். பேருந்தையும் வண்டி நிறுத்தத்தையும் முதலில் அமைத்து, அதன் பிறகு தெருவைக் குறுக்குங்கள். மருத்துவ ஊர்தியும் தீயணைப்பு வண்டியும் செல்லும் வழியை எந்தத் தடுப்பும் மறிக்கலாகாது. கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்கும்போது, கார் உடையவர் குரலை மட்டும் கேட்டு எழுந்துவிடாதீர்கள். கூட்டத்திற்கு வர நேரமில்லாத கூலித் தொழிலாளியும், கூடை சுமக்கும் பெண்ணும், பள்ளிச் சிறுவனும் அந்தத் தெருவின் பங்காளிகளே ஆவர்.

எதிர்த்து நிற்கும் நம்மவரிடமும் கேட்போம். நம் வாசலில் வேண்டா என்று நாம் தள்ளும் சுமை எவர் வாசலில் போய் விழுகிறது என்று ஒருமுறை எண்ணினோமா? நாம் எதிர்ப்பது தீங்கையா, அன்றி நம் வசதியின் குறைவையா? அண்டை வீட்டான் பசித்திருக்கத் தான் மட்டும் உண்பதைக் கடியும் சமுதாயம் நாம். அண்டைத் தெரு மூச்சுத் திணற நம் தெரு மட்டும் தென்றல் வாங்குவதையும் அவ்வாறே கடிய வேண்டும் அன்றோ?

தெருவின் அகலத்தைப் பொறியாளர் அளப்பார். அதில் நடக்கும் நீதியின் அகலத்தை மக்கள்தாம் அளக்க வேண்டும். வாசலில் நின்று வழியை நோக்கும் நாம், வழியில் நின்று நம் வாசலையும் ஒருமுறை நோக்குவோமாக.